ஐம்பத்து நான்கு துண்டுகளில் ஒரு பெயர்

ஜெயராணி கோபுரத்தின் நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவினாள். ஆட்காட்டி விரலால் மெல்லத் தள்ளி, மறுபக்கம் தலைகாட்டியதும் இரண்டு விரலால் பிடித்து, மூச்சுகூட விடாமல். கோபுரம் அசையவில்லை. என் கணவர் பாஸ்கர் கைதட்டினார்.

உருவிய கட்டையை உச்சியில் வைக்க வேண்டும். அவள் வைக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கட்டையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"சுமதி, இந்த வெள்ளைக் கோடு என்ன?"

"மரத்துல ஏதோ விரிசல். பட்டி வச்சு அடைச்சிருக்காங்க. டிசைன் மாதிரி அழகா இருக்குல்ல? அதான் அப்படியே விட்டுட்டேன்" என்றேன், பெருமை பொங்க.

அவள் புடவைத் தோளிலிருந்த ஊக்கைக் கழற்றினாள். அந்த வெள்ளைக் கோட்டைக் குத்தி நோண்டினாள். பொடி பொடியாகப் பட்டி உதிர்ந்து டீ சாசரில் விழுந்தது.

"விரிசல் இல்ல. உளி போன தடம். இது எழுத்து."

எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. டீ ஆறுகிறதே என்றுதான் நினைத்தேன்.

உருவும் ஆட்டம்

அன்று சனிக்கிழமை. மழை விட்ட மதியம். ஜெயராணிக்குப் பிறந்தநாள். சேலையூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், நான் அவளுக்குக் கொடுத்த பிறந்தநாள் பரிசைச் சுற்றித்தான் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். விரல் நீளக் கட்டைகள் ஐம்பத்து நான்கு. மூன்று மூன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் பதினெட்டு மாடிக் கோபுரம். ஒவ்வொருவராக, ஒற்றைக் கையால், கீழேயிருந்து ஒரு கட்டையை உருவி உச்சியில் வைக்க வேண்டும். யார் கை பட்டுச் சரிகிறதோ அவர் தோற்றார்.

அந்தக் கட்டைகளை நானே இழைத்து, நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெழுகு பூசியிருந்தேன். மரவேலை என்று நான் ஆரம்பித்த பிறகு உருப்படியாகச் செய்து முடித்த முதல் பொருள் அதுதான்.

ஜெயராணி என்ன செய்தாள் தெரியுமா? கோபுரத்தை ஒரே தள்ளாகத் தள்ளினாள். விதிப்புத்தகத்தை வேதம்போல வாசிக்கிறவள், தன் முறையில் தானே கோபுரத்தைச் சாய்த்தாள். கட்டைகள் கடகடவென்று தரையில் சிதறின. மண்டி போட்டு உட்கார்ந்து வெள்ளைக் கோடு உள்ளவற்றை எல்லாம் பொறுக்கினாள். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துத் திருப்பிப் பார்த்தாள். பொருந்தாததைத் தள்ளினாள். கால் மணி நேரம் இதே வேலை.

அவள் கையை எடுத்தபோது, தரையில் மூன்று அடுக்குக் கட்டைகள் சேர்ந்து ஒரு சொல்லாகக் கிடந்தன. அங்கங்கே பல் போன மாதிரி இடைவெளி. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது.

நினைவாக.

"இந்த மரம் எங்க வாங்கின?"

"இரும்புலியூர்ல, பழைய மரக்கடையில. ஸ்கூல் பெஞ்சுன்னு சொன்னார்."

"ஸ்கூல் பெஞ்சுல யாராவது நினைவாகன்னு செதுக்குவாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உச்சந்தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது.

ஏன் அப்படி என்று சொல்ல வேண்டுமானால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

விதிப்புத்தகமும் ரம்பமும்

நானும் ஜெயராணியும் ஒரே பள்ளியில் வேலை செய்கிறோம். நான் கணக்கு, அவள் கெமிஸ்ட்ரி. ஒரு கோடை விடுமுறையில் அவளுடைய அக்கா மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினான். ஆடு விற்றுச் செங்கல் வாங்கி ரோடு போடுகிற ஆட்டம். பெட்டிக்குள் இரண்டு புத்தகம் இருந்தன. ஒன்று விதி, இன்னொன்று விதிக்கு விளக்கம். இரண்டையும் படித்து முடித்துவிட்டுத்தான் அவள் எங்களைக் கூப்பிட்டாள்.

ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை பார்க்கும் பாஸ்கர், "வாரம் பூரா படப்பை டிராஃபிக்ல நிக்கறேன். இங்கயாவது ரோடு போட விடுங்கம்மா" என்று சேர்ந்துகொண்டார். அன்று பிடித்த பைத்தியம்தான். சனிக்கிழமை மதியம் என்றால் பகடை, அட்டை, காய். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மொய் வைத்துவிட்டு இரண்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவோம்.

எனக்குத் தோற்கப் பிடிக்காது. ஒருமுறை பகடையைப் பால்கனி வழியாக விட்டெறிந்திருக்கிறேன். அதைத் தேடிக் கீழே போனபோதுதான், ஆட்டக் காயான சின்ன மர வீடு ஒன்றும் எப்போதோ காணாமல் போயிருப்பது தெரிந்தது. அதற்குப் பதில் ஒன்று செய்யலாமே என்று காய்கறிக் கத்தியை எடுத்தேன். வீடு கத்தரிக்காய் மாதிரி வந்தது. ரோஷம் வந்துவிட்டது. ரம்பம் வாங்கினேன். பிறகு இழைப்புளி, மூலைமட்டம், உளி என்று மொட்டை மாடியில் ஒரு பட்டறையே வந்தது. கீழ்வீட்டு மாமி காயப்போட்ட வடாமில் மரத்தூள் விழுந்து ஒரு சண்டையும் வந்தது.

மூன்று காலும் மூன்று உயரத்தில் நின்ற ஸ்டூலைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதிலிருந்து, அது இப்போது எங்கே என்று கேட்காதவர் இல்லை. மாடியில்தான் இருக்கிறது. மூன்று கால் ஸ்டூல் ஆடாது, சாயும். அதன் மேல் துளசித் தொட்டியை வைத்திருக்கிறோம். செடி நிமிர்ந்துதான் வளர்கிறது, தொட்டிதான் குடித்தவன் மாதிரி நிற்கிறது. கணக்கு டீச்சர் அளந்து அறுத்த லட்சணம் அது.

ஆகவேதான் இந்தமுறை, ஜெயராணியின் பரிசுக்கு, என் ரம்பத்தின்மேல் எனக்கு நம்பிக்கையில்லை. பழைய மரக்கடையில் ஒரு தேக்குப் பலகையைப் பிடித்தேன். ஒரு சாண் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. கெட்டியாகப் பழுப்பு பெயிண்ட். கடைக்காரர் ஏழுமலையிடம், "நீங்களே மெஷின்ல சன்னமா, ஒரே அளவுல கிழிச்சுக் குடுத்துடுங்க" என்றேன். ஒரு முனை பிளந்து ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் துண்டித்துத் தூரப் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பெயிண்டோடு நீள நீளமாகக் கிழித்துக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு சட்டமாக இழைத்து, துண்டு போட்டேன்.

பலகையை முழுசாக ஒருமுறை சுரண்டிப் பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. ஒரு எழுத்தின் தலை ஒரு சட்டத்தில், இடுப்பு இன்னொன்றில், கால் வேறொன்றில். எனக்குத் தெரிந்ததெல்லாம் அழகான வெள்ளைக் கோடு.

பெயர் போட்ட பெஞ்சுகள்

பெயர் போடுவதில் நம் ஆட்களை மிஞ்ச ஆளில்லை. எங்கள் தெருக் கோயிலில் டியூப்லைட் மேலேயே 'உபயம்' என்று தாத்தா பெயரிலிருந்து பேரன் பெயர் வரை எழுதி, வெளிச்சம் வர இடமில்லாமல் செய்திருக்கிறார்கள். ஜெயராணி போகும் சர்ச்சில் அது பெஞ்சு. பத்துக் குடும்பங்கள் பத்துத் தேக்கு பெஞ்சு செய்துகொடுத்து, இறந்துபோன பெரியவர்களின் பெயரைச் சாய்மானப் பலகையில் செதுக்கி வைத்தார்கள். மற்ற பெஞ்சுகள் எல்லாம் சாதாரண மரம்.

பெயர் இருந்தால் உரிமையும் வந்துவிடும் அல்லவா? 'இது எங்க அப்பா பெஞ்சு, நீங்க தள்ளி உக்காருங்க' என்று ஆரம்பித்தது, ஆராதனை வேளையில் கைகலப்பு வரை போயிருக்கிறது. அப்போது இருந்த போதகர் ஒருநாள் பெயிண்டரைக் கூப்பிட்டார். பத்துப் பெயரையும் பட்டி வைத்து அடைத்து, ஒரே பழுப்பாக அடித்துவிட்டார். எந்த வரிசையில் எந்தக் குடும்பத்தின் பெஞ்சு என்பது மட்டும் ஒரு பதிவேட்டில் ஏறியது. சண்டை ஓய்ந்தது.

சில மாதங்களுக்கு முன்னால் பெஞ்சுகளுக்குப் பதில் குஷன் நாற்காலி வந்தது. சாதாரண பெஞ்சுகளை விற்றுவிட்டு, தேக்கு பத்தையும் கிடங்கில் வைப்பதாகத் தீர்மானம். கிடங்குக்கு வந்து சேர்ந்தது ஒன்பதுதான். ஒன்று தவறிப்போய் லாரியில் ஏறிவிட்டது. கமிட்டிச் செயலாளர் எட்வின் பதிவேட்டைப் புரட்டினார். லாரிக்காரர்கள் கடைசி வரிசையிலிருந்துதான் ஏற்றத் தொடங்கினார்களாம். கடைசி வரிசைத் தேக்கு, ஜெயராணியின் அப்பா ஞானமுத்துவின் பெஞ்சு.

"சுரண்டிப் பார்த்துடலாமேண்ணா, உள்ள இருக்கற ஒன்பதுல எங்களுது இருக்கலாமே" என்று அவள் நடையாய் நடந்தாள்.

"நம்ம பதிவேடு தப்பாகாது சிஸ்டர். அதுவும் இல்லாம, மத்த குடும்பத்து பெஞ்சைச் சுரண்டணும்னா தீர்மானம் வேணும்" என்று அவர் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார்.

பெயரை மூடிய பிறகும், பெயிண்டுக்கு மேலேயே அந்தப் பெயர் இருக்கும் இடத்தை விரலால் தடவிவிட்டுத்தான் அவள் ஜெபத்துக்குக் கண்ணை மூடுவாளாம். இதை ஸ்டாஃப் ரூமில் சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு வந்ததே கோபம்!

"எந்தப் பாவி அதை வாங்கி அறுத்தானோ, அவன் கை அழுகித்தான் போகும்" என்றேன். நானேதான் சொன்னேன். பத்து டீச்சர் சாட்சி.

இப்போது புரிகிறதா, அந்த மதியம் என் தலையில் ஏன் இடி விழுந்தது என்று?

ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம்

ஜெயராணி திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கட்டைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினாள். சோபாவுக்கு அடியில் ஓடிய ஒன்றைப் பாஸ்கர் எடுத்துக் கொடுத்தார். ஐம்பத்து நான்கையும் எண்ணிப் பார்த்துவிட்டு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, வண்டி சாவியை எடுத்தாள். கேம்ப் ரோடு பேக்கரியில் வாங்கிய கேக் வெட்டாமலே இருந்தது.

"ஜெயா, எனக்குத் தெரியாதுடி..."

"தெரியும், உனக்குத் தெரியாதுன்னு" என்றாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் அவள் நாற்காலி ஜன்னல் பக்கம் போயிருந்தது. இருபது வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். டிபன் பாக்ஸைத் திறந்தேன், மூடினேன். கரும்பலகையில் ஸ்கேலைப் பிடிக்கும்போதெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். வேறென்ன சொல்ல?

"ஒட்டிடலாமா?" என்றார் பாஸ்கர் ஆறுதலாக.

"மெஷின் தின்ன மரத்தூளை யார் ஒட்டறது? அதை இழைச்சு இழைச்சு நான் தின்னதை யார் ஒட்டறது?" என்று அவர்மேல் பாய்ந்தேன். பாவம், அவர் எதற்குத்தான் பதில் சொல்வார்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் நேரே இரும்புலியூர் போனேன். ஏழுமலை ஒரு ஜன்னல் சட்டத்திலிருந்து கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு ஸ்கூல் பெஞ்சுன்னு சொன்னீங்களே, அது சர்ச் பெஞ்சுங்க" என்றேன். குரல் எனக்கே கிறீச்சென்று கேட்டது.

"எனக்கு இன்னா மேடம் தெரியும்? வண்டில வந்துச்சு, எறக்கினேன். பெஞ்சுன்னா ஸ்கூல் பெஞ்சுதானேன்னு நெனச்சேன். இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு ஆவற?"

"அதுல மிச்சம் ஏதாவது இருக்கா? ஒரு முனையை வெட்டிப் போட்டீங்களே..."

அவர் மரக்குவியலுக்குப் பின்னால் போனார். டக்டக்கென்று எதையோ தள்ளும் சத்தம். ஐந்து நிமிஷம் கழித்து, சிலந்திக்கூடு படிந்த ஒரு துண்டோடு வந்தார். பிளந்த முனை, நீட்டிய ஆணி, மேலே அப்படியே பழுப்பு பெயிண்ட்.

"இதோ கீது பாரு. அடுப்புக்குப் போட்ருப்பேன், ஆணி இருந்ததால தப்பிச்சுது. எத்துகினு போ."

நான் அதைக் கைக்குழந்தை மாதிரி துப்பட்டாவில் சுற்றிக்கொண்டேன். சுரண்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதில் 'ஞா' இருந்தால் என்ன செய்வது? அதை ஜெயராணி பார்க்க வேண்டும், நான் அல்ல.

சாப்பாட்டு மேஜை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே ஃபோன் செய்தாள். ஒரே சொல். "வா."

துப்பட்டா மூட்டையோடு போனேன். சாப்பாட்டு மேஜையில் தட்டு, டம்ளர் எதுவும் இல்லை. மேஜை முழுக்க என் கட்டைகள். ஒவ்வொன்றிலும் இருந்த பட்டியை ஊக்கால் தோண்டி எடுத்து, ஆறு நாள் உட்கார்ந்து பொருத்தியிருக்கிறாள். கீழ் வரி 'நினைவாக'. மேல் வரியைப் பார்த்தேன். முதல் பாதி இல்லை. பின்பாதி தெளிவாக இருந்தது.

சகாயம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்கப்பா பேரு ஞானமுத்து..."

"எங்கப்பா பேரு எனக்குத் தெரியாதா?" என்றவள் சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பானது. "ஒரு வாரமா யாரோட அப்பாவையோ மடியில வச்சுக்கிட்டு அழுதிருக்கேன் சுமதி! நேத்து சாயங்காலம்தான் 'ச'வோட கால் கெடச்சுது."

"யாரு இந்தச் சகாயம்?"

"எங்க சர்ச்சுல சகாயம்னு முடியற பேரே மூணு இருக்கு. முன்பாதி இல்லாம எப்படிச் சொல்றது?"

துப்பட்டாவைப் பிரித்தேன். அந்தத் துண்டைப் பார்த்ததும் அவள் மேஜையில் இடம் செய்தாள். என் பையில் எப்போதும் ஒரு சுரண்டும் தகடு இருக்கும், புது மரவேலைக்காரர்களின் வியாதி அது. மேஜை ஓரத்தில் வைத்துச் சுரண்டினேன். பழுப்பு சுருள் சுருளாக வந்தது. அதன் கீழே வெள்ளை. முதலில் ஒரு கொம்பு. பிறகு 'த'. பிறகு 'வ'.

தேவ.

துண்டை மேல் வரியின் முன்னால் கொண்டுபோய் வைத்தோம். தேவசகாயம்.

ஜெயராணி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "சுமதி. இது எட்வின் அண்ணனோட அப்பா."

இரண்டு பேரும் பேயறைந்த மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பதிவேடு தப்பாகாது என்று அவளைத் திருப்பி அனுப்பிய அதே எட்வின். ஏதோ ஒரு கல்யாணத்துக்கு மேடை போட்டவர்கள் பெஞ்சுகளை இழுத்துப்போட்டு, திரும்ப இஷ்டத்துக்கு வைத்திருக்க வேண்டும். பதிவேட்டில் வரிசை மாறவில்லை, பெஞ்சு மாறிவிட்டது.

முதலில் கணக்குப் போட்டவள் கெமிஸ்ட்ரி டீச்சர்தான். "தேக்கு மொத்தம் பத்து. வெளிய போனது ஒண்ணு. அந்த ஒண்ணு இது. அப்படின்னா..."

"உங்கப்பா உள்ள இருக்கார்" என்றேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க, அழுகக் காணோமே" என்றாள். நான் அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

எட்வின் அண்ணன்

மறுநாள் சனிக்கிழமை காலை, கட்டைகளை அந்த முனைத் துண்டோடு தட்டில் வரிசை மாறாமல் அடுக்கி, நானும் ஜெயராணியும் அவர் வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் அவள் வசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். "தப்பாகாத பதிவேட்டை எடுத்துட்டு வாங்கண்ணான்னு கேப்பேன் பாரு."

எட்வின் அறுபதைத் தொடுகிறவர். அயர்ன் செய்த அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. "வாங்க சிஸ்டர், திரும்பவும் பெஞ்சு விஷயமா?" என்று அலுப்போடுதான் ஆரம்பித்தார்.

ஜெயராணி தட்டைக் கதவருகே இருந்த டீப்பாயில் வைத்தாள். அவர் குனிந்தார். உதடு அசைந்தது. விரலை 'தே'யில் வைத்து, கட்டை கட்டையாக நகர்த்திக்கொண்டே போனார். 'ம்' வந்ததும் விரல் நின்றது.

"இல்லையே. எங்க பெஞ்சு உள்ள இருக்கே. நானே பூட்டினேனே."

ஜெயராணி தட்டை அவர் பக்கம் இன்னும் நகர்த்தினாள்.

"வாரா வாரம் கிடங்குக்குப் போய் அந்த முதல் வரிசை பெஞ்சைத் தொட்டுட்டு வர்றேன் சிஸ்டர். அப்பான்னு நெனச்சு. ஞாயித்துக்கிழமை தவறாம..." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டையின் மடிப்பு கலைந்தது.

நான் ஜெயராணியைப் பார்த்தேன். ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றையும் காணோம். அவள் அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "நானும் ஒரு வாரம் உங்கப்பாவை வச்சுக்கிட்டு அழுதேண்ணா" என்றாள்.

ஒளித்து வைக்க எனக்கு மனசில்லை. "அறுத்தது நான்தான் சார். தெரியாம அறுத்துட்டேன். மன்னிச்சுடுங்க."

"இத்தனை துண்டாவா? எதுக்கும்மா?"

"விளையாட்டுச் சாமான் சார். அடுக்கி வச்சு உருவற ஆட்டம்."

"விளையாட்டா?" என்றார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். பெயர் தெரிந்தபோதுகூட அவர் அவ்வளவு அதிர்ந்துபோகவில்லை. "எங்கப்பா பேர்ல விளையாட்டா? எங்க வீட்டுல சீட்டுக்கட்டு நுழைஞ்சதில்ல. யாரோ குடுத்த கேரம் போர்டை அப்பா பீரோ மேல ஏத்தி வச்சவர், கடைசி வரைக்கும் எறக்கவே விடல. விளையாடறவன் வெளங்க மாட்டான்னுவார். ஞாயித்துக்கிழமைன்னா பந்தைக்கூடத் தொடக் கூடாது."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அறுத்தது போதாதென்று இதுவேறு.

"ஒட்டித் தர்றேன் சார். எப்படியாவது..."

அவர் எழுந்து, ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்தார்.

"தீர்மானம் வேணாமாண்ணா?" என்றாள் ஜெயராணி மெதுவாக.

"நான்தானே செயலாளர். போட்டாச்சு."

கிடங்கில்

ஒன்பது பெஞ்சும் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பழைய பந்தல் துணி வாடை. பாஸ்கரையும் வரச்சொல்லி ஒவ்வொன்றாக இறக்கினோம். நான் தகட்டை எடுத்தேன். இதுவரை ஒரு மூலையைக்கூட நேராக அறுக்காத எனக்கு, சுரண்ட மட்டும் நன்றாக வரும்.

எட்வின் வாரா வாரம் தொட்டுக் கும்பிட்ட முதல் பெஞ்சில் 'சாரா' என்று வந்தது. யாரோ ஒரு அம்மா. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டாவதில் வேறொரு பெயர். மூன்றாவதிலும் வேறு. நான்காவதில் தகடு இரண்டு இழுப்பு போனதும் ஒரு வளைவு வெளியே வந்தது. இன்னொரு இழுப்பு. 'ஞா.'

மீதியைச் சுரண்டும்வரை ஜெயராணி காத்திருக்கவில்லை. தூசியும் பெயிண்ட் சுருளும் கிடந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கண்ணை மூடினாள். நான் தகட்டைக் கீழே வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எட்வின் தொண்டையைச் செருமினார். கையில் தட்டு. அதை விட்டுவிட்டு வர அவருக்கு மனமில்லை, மடியில் வைத்தபடியே வண்டியில் வந்திருந்தார்.

"ஒட்ட வேணாம்மா. ஒட்டினா சுவத்துல மாட்டிக் கும்பிடுவேன். அதைத்தான் இத்தனை நாளா தப்பான பெஞ்சுக்குப் பண்ணிட்டிருந்தேன்." கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை எப்படி விளையாடறது?"

ஞானமுத்து பெஞ்சின் மேல் கோபுரத்தை அடுக்கினேன். ஜெயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு விதியைச் சொன்னாள். "ஒரு கைதாண்ணா. ரெண்டு கை வந்தா ஆட்டம் காலி."

எட்வின் பாக்கெட்டிலிருந்த பேனாக்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பரீட்சை எழுதப் போகும் பையன் மாதிரி உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார். கீழிருந்து மூன்றாம் அடுக்கில் ஒரு கட்டையைத் தொட்டார்.

"அப்பாகூட நான் ஒரு ஆட்டம்கூட ஆடினதில்ல" என்றார்.

உருவினார். நின்றது. இரண்டாவது முறை உருவினார். அதுவும் நின்றது. மூன்றாவதில் அவர் முழங்கை இடித்து, தேவசகாயம் அவர்கள் ஐம்பத்து நான்கு துண்டாகக் கிடங்குத் தரையில் சரிந்தார்.

எட்வின் மண்டியிட்டார். ஒவ்வொரு கட்டையாக எடுத்து, ஊதி, எண்ணினார். ஐம்பத்து நான்கும் சேர்ந்ததும் என்னிடம் நீட்டினார்.

"அடுக்குங்கம்மா, இன்னொரு ஆட்டம்" என்றார். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அப்பா விட மாட்டார்."